ஆறு வீட்டு டீயும் நாற்பத்தெட்டு நாள் விரதமும்

என் தங்கை வீராயி டில்லியில் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1971 ஜூன் மாதம் ஐந்து மாதக் கைக்குழந்தையோடு ஜி.டி. எக்ஸ்பிரஸில் நின்றபடி வந்தவள், விஜயவாடா வருவதற்குள் ஜன்னலோர இடத்தைப் பிடித்தாள். ஐந்தே மாதத்தில் இந்தி பேசினாள். ஆண்பால் பெண்பாலெல்லாம் அவள் இஷ்டத்துக்குத்தான் வரும். ஆனால் சண்டையில் ஒரு வார்த்தைக்குக்கூடத் தடுமாறியதில்லை. அவள் குடிசையை இரண்டு தடவை இடித்தார்கள். இரண்டு தடவையும் பொழுது சாய்வதற்குள் நாலு கம்பு நட்டு மேலே தார்ப்பாய் போட்டுவிட்டாள். மகள் பூங்கோதைக்குத் தமிழ்ப் பள்ளியில் இடமில்லை என்றார்கள். ஆறு நாள் போய் அலுவலக வாசலில் உட்கார்ந்தாள், ஏழாவது நாள் இடம் வந்தது. ஆர்.கே.புரத்தில் வீட்டு வேலை செய்த பதினோரு பெண்களுக்கு மாதம் இரண்டு நாள் லீவு வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலைக்காரிக்கென்று ஒதுக்கி வைத்த காது உடைந்த கப்பில் டீ குடிக்க மாட்டேன் என்று சொல்லி, வீட்டார் குடிக்கும் எவர்சில்வர் தம்ளரிலேயே டீ வாங்கிக் குடித்தாள்.

இந்தத் தம்ளர் வெற்றிதான் அவளை மாட்டிவிட்டது.

நான் லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் தஃப்தரி. கோப்புகளைக் கட்டுவது, தேதி வாரியாக அடுக்குவது, கேட்டால் எடுத்துக் கொடுப்பது என் வேலை. சின்னசேலத்தில் எட்டாவது வரை படித்தேன். வீராயி பள்ளிக்கூடமே போகவில்லை. எனக்கு ஆர்.கே.புரத்தில் ஒற்றை அறை குவார்ட்டர்ஸ். பத்து நிமிஷம் நடந்தால் நாலா என்கிற சாக்கடைக் கால்வாய்க்குப் பக்கத்தில் அவள் குடிசை. அவள் புருஷன் வடிவேல் சித்தாள் வேலைக்கு வந்து, பிறகு கொத்தனார் ஆனவர். அதிகம் பேச மாட்டார்.

அந்தத் தம்ளர் விஷயம் நடந்தது 1972-இல், பீஜி வீட்டில். பீஜி ஒரு பஞ்சாபி அதிகாரியின் அம்மா. பெயர் என்ன என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. செக்டார் முழுக்க அவர் பீஜிதான். பால்கனியில் தண்ணீர் போகும் ஓட்டை மேல் அந்தக் கப்பைக் கவிழ்த்து வைத்திருப்பார். வீராயி இருபத்தாறு நாள் டீயைத் தொடவில்லை. இருபத்தேழாம் நாள் பீஜியே கேட்டார். அதற்கு இவள், "நான் கழுவின தம்ளர்லதான நீங்க எல்லாரும் குடிக்கிறீங்க? கழுவுற கை குடிச்சா மட்டும் கெட்டுப் போவுமா?" என்று தன் இந்தியில் கேட்டிருக்கிறாள். பீஜி அலமாரியிலிருந்து தம்ளரை எடுத்து ஊற்றிக் கொடுத்தார். விஷயம் பரவி மற்ற வீடுகளிலும் தம்ளர் வந்தது. அதிலிருந்து வீராயி தினமும் ஆறு வீட்டில் ஆறு டீ குடித்தாள். தாகத்துக்காக அவள் குடிக்கவில்லை.

1982 தீபாவளிக்கு முன்னால் அவளுக்கு ஓயாத தாகம். ஒரு குடம் தண்ணீர் ஒரு பகலுக்குப் போதவில்லை. கண் மங்கியது. நான் லீவு போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். சர்க்கரை முந்நூற்றுப் பத்து என்றார்கள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, இனிப்பு கூடாது, தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும், காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மூன்று விரல் விட்டுச் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் பேச்சு ஆரம்பித்தது.

"சர்க்கரை வியாதின்னா உக்காந்து திங்கிறவங்களுக்கு வர்றதுண்ணே. எனக்கு எங்கேருந்து வரும்? டாக்டரு சீட்டு மாத்திட்டாரு."

"சீட்டுல உன் பேருதாம்மா போட்டிருக்கு."

"ஏன், இவ்ளோ பெரிய டில்லியில வேற வீராயியே இல்லியா?"

"நடக்கணும்னு சொன்னாரே, கேட்டியா?"

"நான் ஆறு வீட்டு மாடிப்படி ஏறி எறங்குறேன். அந்த டாக்டரு ஒரு நாளைக்கு எங்கூட வரச் சொல்லு. மறுநாளு அவருக்கு மாத்திரை நான் எழுதுறேன்."

பக்கத்து சீட்டுக்காரர் தமிழர் போலிருக்கிறது; சிரித்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை என் வீட்டுக்கு வரச் சொன்னேன். ஒரு செய்தித்தாளை விரித்து, ஒவ்வொரு வீட்டிலும் டீக்கு எத்தனை ஸ்பூன் போடுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு அத்தனை ஸ்பூன் சர்க்கரையைத் தாளில் கொட்டினேன். பீஜி வீட்டில் நாலு. மற்ற வீடுகளில் மூன்றும் இரண்டுமாக. மொத்தம் பதினேழு. குவியலைப் பார்த்து அவளே அசந்துபோனாள்.

"எங்க வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு ஆவுமே!"

"இதைத் தினமும் நீ ஒருத்தி குடிக்கிறே."

"டீயில கரைஞ்சா கொறைஞ்சிடாதா?"

"குறையாது."

அவள் குவியலை விரலால் ஓரம் கட்டினாள். பிறகு நிஜமான காரணத்தைச் சொன்னாள்.

"சர்க்கரை இல்லாம குடுங்கன்னு கேட்டா ஏன்னு கேப்பாங்கண்ணே. வியாதின்னு தெரிஞ்சா நாளைக்கே வேற ஆளு. என் எடத்துக்குப் பதினஞ்சு பேரு காத்துக்கிட்டு நிக்கிறாளுங்க. சரி, டீயே வேணாங்கலாம். இருபத்தாறு நாளு நின்னு வாங்குன தம்ளரு. நானா ஒரு நாளு வேணாம்னா, அப்புறம் அந்த ஒடஞ்ச கப்பு திரும்பி வந்துடும். நீ ஆபீஸ்ல ஒக்காந்துருக்கறவன். ஒனக்கு இது புரியாது."

புரிந்தது. அதனால்தான் ஒரு யோசனை சொன்னேன். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த யோசனைதான் காரணம். அதை மறைக்கப் போவதில்லை.

"மலை மந்திர் முருகனுக்கு ஒரு மண்டலம் விரதம்னு சொல்லிடு. நாப்பத்தெட்டு நாளைக்கு டீ குடிக்க மாட்டேன்னு சொல்லு. சாமி பேரைச் சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. அதுக்குள்ள நாக்கு பழகிடும்."

வீராயி முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணே, எட்டாவது படிச்சது வீண் போவல," என்றாள்.

தீபாவளி போகட்டும், வருஷம் பிறக்கட்டும் என்று தள்ளிப்போட்டு, 1983 ஜனவரி 10, திங்கட்கிழமைதான் விரதம் ஆரம்பமாயிற்று. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பீஜி அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்ததாகச் சொன்னாள். ஒரு மாதம் நான் நிம்மதியாக இருந்தேன். அலுவலகத்தில் நிதியாண்டுக் கடைசி வேலை தலைக்கு மேல் இருந்ததால் அவளை அடிக்கடி பார்க்கவும் முடியவில்லை.

பிப்ரவரி 15 அன்று மறுபடி ரத்தம் பார்த்தார்கள். முந்நூற்று எண்பது.

டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன சாப்பிடுகிறாய்?" என்று இந்தியில் கேட்டார்.

"ஒண்ணுமே இல்ல சாப். வ்ரத்."

"விரதத்தில் என்ன சாப்பிடுகிறாய்?"

அப்போதுதான் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எங்கள் ஊரில் விரதம் என்றால் வயிற்றைக் காயப்போடுவது. இங்கே அரிசி, கோதுமை, உப்பு ஆகாது, மற்றதெல்லாம் ஆகும். அதிலும் விரதக்காரிக்குக் கொடுத்தால் கொடுக்கிறவர்களுக்குப் புண்ணியம். ஒரு வீட்டில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய ஜவ்வரிசிப் பாயசம். இன்னொரு வீட்டில் நெய்யில் வறுத்த உருளைக்கிழங்கு. அடுத்த வீட்டில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அதற்கடுத்த வீட்டில் இரண்டு வாழைப்பழமும் ஒரு வெல்லக் கட்டியும். பீஜி வீட்டில் பாதாம் அரைத்துப் போட்ட இனிப்புப் பால், எவர்சில்வர் தம்ளர் நிறைய. மாம்பலத்திலிருந்து வந்த வத்சலா அம்மா வீட்டில் மட்டும் பச்சைத் தண்ணீர்.

"நம்ம தமிழ்க்காரங்கதாண்ணே மோசம். விரதம்னா ஒண்ணுமே குடுக்குறதில்ல," என்று என்னிடம் தமிழில் வேறு குறைப்பட்டாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இந்த யோசனையைச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும், "இன்னியோட விரதத்தை விட்டுடு," என்றேன்.

"இன்னும் பதினோரு நாளு பாக்கி இருக்குது."

"அது பொய் விரதம்மா. நாமளா சொன்னது."

"பொய்யா ஆரம்பிச்சாலும் முப்பத்தேழு நாளு டீயைத் தொடல. முருகன் கணக்குல ஏறியிருக்கும். நடுவுல விட்டா சாமிக் குத்தம்."

"அப்ப அந்தப் பாயசம் பாலெல்லாம் வேணாம்னாவது சொல்லு."

அவள் சட்டென்று நின்றாள். "பீஜி ராத்திரியே பாதாமை ஊறப்போட்டு, காலையில ஒவ்வொண்ணா தோலு உரிச்சு வச்சிருக்காங்க. எழுவது வயசு. கை நடுங்குது. அதைப் போய் வேணாங்கவா? எனக்குன்னு இதுவரைக்கும் யாருண்ணே பாதாம் தோலு உரிச்சிருக்காங்க?"

நான் உரித்ததில்லை. வடிவேலும் உரித்திருக்க மாட்டார்.

பிப்ரவரி 26, சனிக்கிழமை நாற்பத்தெட்டாம் நாள். அன்று காலை பீஜி வீட்டில் நடந்ததை வீராயியும் பீஜியும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். பெரும்பாலும் ஒத்துப்போகிறது. பீஜி பேசியதெல்லாம் இந்தி, தமிழில் எழுதுகிறேன்.

வீராயி கூடத்தைத் துடைத்து முடித்து எழுந்திருக்கிறாள். பீஜி தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வந்து, "நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தவள் காலைத் தொட்டால் எனக்கும் கொஞ்சம் புண்ணியம்," என்று குனிந்துவிட்டார். இவள் பதறி, "ஐயோ பீஜி!" என்று பின்னால் நகர்ந்திருக்கிறாள். அதற்குள் பீஜியின் கை இவள் வலது பாதத்தைப் பிடித்துவிட்டது. கையை எடுத்தபோது விரலில் ரத்தமும் சீழும்.

"இது என்ன?"

வீராயி காலைத் திருப்பிப் பார்த்தாள். சுண்டுவிரலுக்குக் கீழே உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று ஏறியிருந்தது. சுற்றிலும் கறுத்திருந்தது. எப்போது ஏறியது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று நாள் இருக்கலாம், நாலு நாள் இருக்கலாம்.

"வலிக்கவில்லையா?"

"இல்லியே பீஜி."

பீஜி அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "உனக்கு எத்தனை நாளாகச் சர்க்கரை?" என்று கேட்டார்.

வீராயி துடைத்த தரையையே மறுபடி துடைக்கக் குனிந்தாள். பீஜி தரையை ஊன்றி எழுந்து பூஜை அறைக்குப் போனார். தினமும் காலையில் பத்து நிமிஷம் கதவைச் சாத்திக்கொண்டு அங்கே இருப்பார். சாமி கும்பிடுகிறார் என்றுதான் வீராயி பதினோரு வருஷமாக நினைத்திருந்தாள். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பீஜி ஒரு டப்பாவை எடுத்து வந்து திறந்தார். உள்ளே ஊசி.

"பதினாலு வருஷமாகப் போட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்கும் மருமகளுக்கும் மட்டும் தெரியும். அக்கம்பக்கத்தில் சொன்னால் கல்யாண வீட்டில் என் தட்டைப் பார்த்துப் பேசுவார்களே என்று மூடி வைத்தேன். என் நாத்தனாருக்கு இப்படித்தான் வலிக்காமல் இருந்தது. முழங்கால்வரை எடுத்துவிட்டார்கள். இப்போதாவது சொல்லடி."

வீராயி எல்லாவற்றையும் சொன்னாள். என் யோசனை உட்பட. பீஜி நெற்றியில் அடித்துக்கொண்டார். "நாற்பத்தெட்டு நாள் நானே உட்கார்ந்து தோல் உரித்து உனக்கு விஷம் கொடுத்திருக்கிறேனே!" என்றார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மகனைக் கூப்பிட்டு ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் சுண்டுவிரல் போகும் என்றுதான் முதலில் சொன்னார்கள். மூன்று வாரம் கட்டுப் போட்டுக் காப்பாற்றினார்கள். அவள் லீவு வாங்கிக் கொடுத்த பெண்களே முறை வைத்துக்கொண்டு அவள் வீடுகளைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த மூன்று வாரமும் அவள் பேசியது ஒன்றே ஒன்றுதான்: கால் போனால் நான் எதைக்கொண்டு ஜெயிப்பேன்? நகம் பார்ப்பதுபோலத் தினமும் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள்.

மார்ச் கடைசியில் வேலைக்குத் திரும்பினாள். முதல் நாள் ஆறு வீட்டிலும் உண்மையைச் சொல்லப் போவதாகச் சொன்னாள். நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன்.

"நீ வந்தா வேற விரதம் ஏதாவது சொல்லிக் குடுப்ப. ஆபீஸுக்குப் போ."

வத்சலா அம்மா, "நெனைச்சேன். தை மாசம் பூரா எந்த முருகனுக்கு விரதம்னு எங்காத்துக்காரர்கிட்டகூடக் கேட்டேனே!" என்றாராம். இரண்டு வீட்டில், "அச்சா, அதற்கென்ன," என்று முடித்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் டீயில் அரை ஸ்பூன் போட்டால் ஒன்றும் ஆகாது என்று வாதாடினார்கள். ஜவ்வரிசிப் பாயச வீட்டில் மட்டும், நோய்க்காரி பாத்திரம் தேய்த்தால் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அன்றோடு நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று பயந்தேன்.

"நாலு மாசமா ஆறு வீடும் போயிடும்னு பயந்தேண்ணே. ஒண்ணுதான் போச்சு," என்றாள். கொஞ்சம் கழித்து, "பாயசம் மட்டும் நல்லா வைப்பாங்க," என்றாள்.

சர்க்கரை இல்லாத முதல் டீயைப் பீஜி வீட்டில் அதே எவர்சில்வர் தம்ளரில் குடித்தாள். பீஜியும் எதிரில் உட்கார்ந்து அதையேதான் குடித்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "மாட்டுக்கு வக்கிற கழனித் தண்ணி," என்றாள். மே மாதம்வரை அதே பதில். ஜூனில் ஒரு நாள் என் வீட்டில் என் பெண்சாதி மறந்துபோய்ச் சர்க்கரை போட்டுக் கொடுத்துவிட்டாள். ஒரு வாய் குடித்து முகம் சுளித்து, "இதை எப்பிடித்தான் குடிக்கிறீங்களோ," என்று கீழே வைத்தாள்.

டீயைவிட நடை கஷ்டமாக இருந்தது. கைவிட்டுப் போன பாயச வீட்டின் வேலை நேரம் காலை ஏழிலிருந்து எட்டு. அந்த நேரத்தில் தன்னோடு பூங்காவில் நடக்கச் சொன்னார் பீஜி. வேலை இல்லாமல், எங்கும் போகாமல், சும்மா சுற்றிச் சுற்றி நடப்பதற்கு வீராயிக்கு வெட்கம் பிடுங்கியது. பார்க்கிறவர்கள் பால் பூத்துக்குப் போகிறாள் என்று நினைக்கட்டும் என்று கையில் ஒரு காலித் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு வாரம் அந்தத் தூக்கோடுதான் பூங்காவைச் சுற்றினாள்.

"வீரா, அந்தத் தூக்கில் எத்தனையாவது சுற்றில் பால் வரும்?" என்று பீஜி கேட்டதிலிருந்து அதை வீட்டில் வைத்துவிட்டாள்.

குழாயடியில் சும்மா விடுவார்களா? செல்லம்மாள் என்பவள் ஆரம்பித்தாள்.

"வாங்க மேம்சாப். காலாற நடந்துட்டு வந்தீங்களா?"

"ஆமாண்டி. எனக்குக் காலு இருக்குது, நடக்குறேன். ஒனக்கு வாயி இருக்குது, நீ பேசு."

குடம் நிரம்புவதற்குள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் அப்போது சைக்கிளில் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். நின்று கேட்டுவிட்டுத்தான் போனேன்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று மட்டும் அவளால் முடியவில்லை. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுப்பார்கள். ஜன்னலுக்கு மேலே இந்தியில் சர்க்கரை நோய் என்று பலகை தொங்கும். அதன் கீழே வரிசையில் நிற்க மாட்டேன் என்றுவிட்டாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் அங்கே பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தார்கள். வீட்டுக்காரர்களிடம் சொன்னது வேறு, பலகைக்குக் கீழே நின்று எல்லோரும் பார்ப்பது வேறு என்பாள். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட்வரை ஐந்து தடவையும் நான்தான் அரை நாள் லீவு போட்டுப் போய், பதிவேட்டில் "பச்சைமுத்து, நோயாளியின் அண்ணன்" என்று கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன். ஆகஸ்ட்டில் அந்த டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்து, "மாத்திரை வாங்குவது அண்ணன், விழுங்குவதாவது தங்கையா?" என்று கேட்டார். அதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அடுத்த முறைக்கு முந்தின நாள், "நீ லீவு போடாதண்ணே. நானே போறேன்," என்றாள்.

லீவு போட்டுவிட்டுத்தான் போனேன். ஆனால் வரிசைக்குள் போகவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அவள் பலகைக்கு நேர் கீழே முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். முன்னால் ஏழு பேர். துடைப்பத்தோடு போன பெண் ஒருத்தி நின்று, "ஏ வீராயி, இங்க எங்க நிக்கிற? இது சக்கரைக்காரங்க வரிசை," என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள்.

"தெரியும். சக்கரைதான் எனக்கு. ஒனக்குக்கூட மூஞ்சி ஊதிக் கெடக்குது, ஒரு நாளு வந்து பாத்துக்க," என்றாள் இவளும் அதே சத்தத்தில்.

ஜன்னலுக்கு வந்ததும் குமாஸ்தா பதிவேட்டைத் திருப்பி, கைநாட்டு வைக்கும் மை டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். வீராயி டப்பாவை அவர் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டு, "பேனா," என்றாள். அவர் பேனாவைக் கொடுத்துவிட்டு, "ஜல்தி, ஜல்தி," என்றார். அவள் அவசரப்படவில்லை. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நானும் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன்.

மூன்று எழுத்தைப் பூங்கோதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஆகஸ்ட் முழுக்க இவள் தரை துடைக்கும்போது ஈர விரலால் மொசைக்கில் எழுதிப் பார்ப்பதும், காய்வதற்குள் துணியால் துடைத்துவிடுவதுமாக இருந்திருக்கிறாள். பீஜி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "வீ" கொஞ்சம் பெரிசாக விழுந்தது. "யி" கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. என் பெயர் ஐந்து தடவை இருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், நோயாளி கையெழுத்து என்று போட்டிருந்த இடத்தில், வீராயி என்று தமிழில் இருந்தது. தேதியை நான் பதிவேட்டிலேயே பார்த்துக்கொண்டேன்: 1983 செப்டம்பர் 6, செவ்வாய்க்கிழமை.